கொட்டகைக்குப் பாய் கட்டின தண்டல்

...அப்படிக் கட்டுவானா சார் எவனாவது? "ஏலே இஞ்ஞாசி, மேக்கு மூலைய இறுக்குலே"ன்னு இங்கனருந்து தொண்டை கிழியக் கத்துதேன், "சரி தண்டலே"ங்கான். சத்தத்துலயே தெரியுது, அவன் இறுக்கல! எங்க எந்திரிக்கீங்க? உக்காருங்க சார், அந்த முக்காலியில உக்காருங்க. ஒரு காலு ஆடும், பரவால்ல... இந்த வீட்டுல இப்ப எல்லாக் காலும் அப்படித்தான் இருக்கு.

பக்கத்து வீட்டுக்குக் குடிவந்ததும் வராததுமா என்னயப் பாக்க வந்தீங்களே, அதுக்கே உங்களுக்குக் கோடி புண்ணியம். வேற எவன் வாரான்? கால் முறிஞ்ச அன்னைக்கு ஊரே வந்துது. ஆரஞ்சு என்ன, பன்னு என்ன, ஜெபம் என்ன! இப்ப எல்லாரும் அங்கன கொட்டகையில. நான் மட்டும் இங்கன, கால்ல மாவுக்கட்டோட. உள்ள அரிக்கி சார்... ஐயோ மாதாவே, அரிக்கின்னா அரிக்கி! அந்தக் குடைக்கம்பிய எடுங்க. ஆங்... இன்னும் கீழ விடணும்... ஆங்! சாமியார் பிரசங்கத்துல சொர்க்கம் சொர்க்கம்ங்காருல்லா, இதுதான் சார்.

என்ன சொல்லிட்டிருந்தேன்? ஆங், கொட்டகை. பிளாரன்ஸ் டீச்சர் இருக்கால்லா, ஒல்லியா, குடையும் கையுமா போவாளே? அவ ஆரம்பிச்ச வேல. தெருப் பொம்பளப்புள்ளைகளுக்குத் தையல் கிளாஸ். மிசின் கெடச்சிட்டு, வைக்க எடமில்ல. இந்த மதிலுக்கு அந்தப் பக்கம் கோயில் நெலம் சும்மா கெடக்கு, ஆளுக்கொரு கை குடுத்தா ஒரு கொட்டகை போட்டுரலாம், கூலி கீலி கெடையாதுன்னா. நல்ல காரியம்லா? எம் மவ மரியசெல்வியும் மொத ஆளா பேரு குடுத்துட்டா. இப்ப சாமியார் ஒரே வார்த்தையாச் சொல்லிட்டாரு. இன்னைக்குப் பொழுதடையுமுன்ன கூரை ஏறலன்னா மிசின் அடுத்த தெருவுக்காம். அங்க கட்டடமே இருக்காம். புள்ள காலைலருந்து பச்சத்தண்ணி குடிக்கல சார். அப்படி நிக்கி நெலம.

இதுல நான் இல்லாம இவனுவ கூரை போடுதானுவளாம்! இஞ்ஞாசி உப்பளத்துக்காரன், அவனுக்குக் கயிறுன்னா கெணத்துக் கயிறுதான். காசிலிங்கம் அண்ணாச்சி பலசரக்குக் கடை, பொட்டலம்தான் கட்டுவாரு. சரி, அத நல்லாத்தான் கட்டுவாரு, ஆட்டுரலுக்குள்ள போட்டாலும் அவுராது... ஆனா கூரையும் பொட்டலமும் ஒண்ணா? சாத்தான்குளத்துலருந்து ஒரு வண்டி பனை ஓலை சும்மாவே எறக்கியிருக்காரு மனுசன். மொதல்லயே கேட்டாரு, "தண்டல், ஓலை நான் தாரேன்"னு. நான்தான் வேண்டாம்னுட்டேன்.

ஏன்னா கேக்கீங்க? வீட்டுல பாய் இருக்குல்லா! நான் தண்டலா நின்னு ஓட்டுன பழைய தோணியோட பெரிய பாய். வெங்காயம் ஏத்திட்டு கொழும்புக்கு எத்தன ஓட்டம் ஓடுன பாய்! "ஓலையெல்லாம் ஒங்க ஊருக்கு அண்ணாச்சி, இது கடக்கரை"ன்னேன். கொஞ்சம் எகத்தாளமாத்தான் சொன்னேன்.

கட்டுனேன் பாருங்க! நடுவுல கம்பு, நாலு மூலைக்கும் கயிறு. காத்தோட்டமா இருக்கட்டும்னு மேக்க பாத்து வாயத் தொறந்து வச்சேன். மேக்க பாத்து சார்! ஆடி மாசம்! கச்சான் காத்து அங்கருந்துதான வரும்? பொழச்ச பொழப்பெல்லாம் பாயக் காத்துக்குக் காட்டுன கை இது. காத்துலருந்து ஒளிச்சு வைக்க எங்க தெரியும்?

அன்னைக்கு மத்தியானம் காத்து ஒரு அடி அடிச்சுது. பாய் பொம்முன்னு நெறஞ்சுது. அடடா, என்ன அழகு தெரியுமா! ஒரு சுருக்கம் கெடையாது. கொட்டகை கெளம்பிட்டு சார்! கம்பு, கயிறு, பெஞ்சு, எல்லாத்தயும் இழுத்துக்கிட்டுக் கெளம்பிட்டு! இஞ்ஞாசி கயித்த விட்டுட்டான். அண்ணாச்சி விட்டுட்டாரு. "விடுங்க தண்டல், விட்டுருங்க"ன்னு பிளாரன்ஸ் கத்துதா. நான் விடுவனா? தண்டல் கயித்த விடுவானா? தரையில கால் இல்ல சார் எனக்கு! அந்தரத்துல தொங்கிட்டு "பாய எறக்குலே, பாய எறக்குலே"ன்னு ஆர்டர் போடுதேன். எவன் எறக்குவான்? அப்புறம் காத்தே எறக்கி விட்டுட்டு. நான் எறங்குறதுக்கு முன்ன காலு எறங்கிட்டு, அவ்வளவுதான்.

சிரிங்க, நல்லாச் சிரிங்க. எம் பொஞ்சாதி ஹில்டா போன வாரம் சிரிக்க ஆரம்பிச்சவ, இன்னும் குசினியில நின்னு சிரிக்கா.

அதுக்காக விட்டுற முடியுமா? காலைலருந்து இந்த மதிலு வழியா எட்டி எட்டிப் பாத்து வேல வாங்குனேன். ஓலைய மாத்தி அடுக்குன்னேன். அடுக்குனான், நல்லால்ல, பழையபடி அடுக்குன்னேன். கம்பு சாஞ்சிருக்குன்னேன். நேராத்தான் நின்னுருக்கு போல, இப்ப சாஞ்சிட்டு. பாதிக் கூரை ஏறியிருந்துது, அதயும் எறக்கச் சொல்லிட்டேன். அந்நேரம்தான் நீங்க வந்தீங்க. கண்ணுல வெயிலடிக்கின்னு நாற்காலிய இப்படி மதிலுக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டீங்க. தங்கமான மனுசன்! கொழும்பு கேட்டீங்க, மாலத்தீவு கேட்டீங்க, எம் மாமனார் கதை கூடக் கேட்டீங்க. எம் மாமனார் கதைய அவரு மவளே கேக்க மாட்டா சார்!

என்ன அது... கை தட்டுதானுவ? எதுக்குத் தட்டுதானுவ? நீங்க ஏன் எந்திரிக்கீங்க? "வாரேன்"னா? இருங்க, இருங்க. கையக் குடுங்க. தூக்குங்க என்னய... மெதுவா... மாதாவே!

ஏறிட்டு! கூரை ஏறிட்டு சார்! ஓலை எப்படிப் படிஞ்சு கெடக்கு பாருங்க, காத்து மேல வழுக்கிட்டுப் போவுது. மிசினத் தூக்கிட்டு வாரானுவ. முன்னால ஓடுதது எம் மவ! ஏளா மரியசெல்வி, பாத்துப் போளா!... சந்தோசமா இருக்கு சார். வயிறும் எரியுது. ரெண்டும் சேந்து என்னமோ பண்ணுது. நான் ஒரு வார்த்த சொல்லாம, எப்படி ஒழுங்கா ஏத்துனானுவ?

இருங்க... பிளாரன்ஸ் ஏன் உங்களப் பாத்துக் கும்புடுதா? நான்லா இங்கன நிக்கேன், என்னயப் பாக்காம உங்கள ஏன் கும்புடுதா? அவ அனுப்பியா வந்தீங்க? ஏன் தலையக் குனியுதீங்க? சொல்லுங்க சார்!

ஹா! கள்ளி! ஆளுக்கொரு வேலையாப் பிரிச்சுக் குடுத்திருக்கா! இஞ்ஞாசிக்குக் கயிறு, அண்ணாச்சிக்கு ஓலை, உங்களுக்கு நான்! அட பாவமே... இருக்கதுலயே கஷ்டமான வேலைய, ஊருக்குப் புதுசா வந்த மனுசன் தலையில கட்டிட்டாளே சார்!