நடைபாதையைக் கேட்ட பாராளுமன்றம்

இல்லண்ணே, வெளிய நாற்காலி கிடையாது. உள்ளதான் உக்காரணும். தெரியும், தெரியும்... உள்ள வேகுது, வெளிய காத்து வருது, மெக்னெஸ் ஊருக்குப் போற டாக்ஸி நிக்கிறது அங்கேருந்து பாத்தாத்தான் தெரியும். எல்லாம் தெரியும். ஆனா என்ன பண்ண, சட்டம்! யாரு போட்ட சட்டம்? பெரிய பெரிய வக்கீலுங்க உக்காந்து போட்டாங்களா? பதினாறு வயசுப் பொண்ணுண்ணே! கழட்டின செருப்பை ஜோடியா விடத் தெரியாது, அது போட்ட சட்டம். யாரு வீட்டுப் பொண்ணுங்கிறீங்களா... இருங்க, வரேன்.

புதினா டீதானே? சக்கரை தூக்கலா? நல்லது. டாக்ஸிக்கு ஆறு ஆள் சேரணும்ல, இப்ப ரெண்டு பேர்தான் நிக்கிறாங்க. நிதானமா குடிங்க.

போன மாசம் வரைக்கும் இந்தக் கடைய நீங்க பாத்திருக்கணும்! ‘புவஸ்ஸா காபிக் கடை’ன்னு யாரைக் கேட்டாலும் கை காட்டுவான். ஊர் ஆம்பளைங்க அத்தனை பேரும் வாசல்ல ரோட்டைப் பாத்து வரிசையா உக்காந்திருப்பானுங்க. கால்பந்து மேட்ச் அன்னைக்கு எதிர்ச் சுவர் வரைக்கும் நாற்காலி போகும். நடைபாதையான்னா... ஆமா, நடைபாதைதான். நடக்கிறவங்க கீழ இறங்கி நடந்துக்குவாங்க. எங்க அப்பா காலத்துலேருந்து அப்படித்தான். ஒருத்தரும் வாயைத் திறந்ததில்ல. திறந்தவனுக்கு ஒரு டீ குடுத்தா மூடிக்குவான்.

அப்ப வந்துச்சுண்ணே, இளையோர் பாராளுமன்றம்!

சிரிக்காதீங்க. பேரே அதுதான். எங்க நகரசபைத் தலைவரு தலைநகர் ரபாத்ல ஏதோ கூட்டத்துக்குப் போனாரு. அங்க நல்ல சாப்பாடு போட்டிருக்காங்க போல, திரும்பி வந்ததும் மனுசனுக்கு ஜனநாயகம் பொங்கிருச்சு. ‘இளைஞர்களின் குரல் ஒலிக்கணும்’னாரு. பள்ளிக்கூடப் பிள்ளைங்க ஓட்டுப் போட்டு ஆளைத் தேர்ந்தெடுக்கும். தேர்ந்தெடுத்தது நகரசபை மண்டபத்துல வந்து உக்காந்து ஊர்ப் பிரச்சினையப் பேசும். நாம கை தட்டணும், போட்டோ எடுக்கணும், கேக்கு குடுத்து அனுப்பணும். அவ்வளவுதான் திட்டம். நானும் நகரசபை உறுப்பினர்ணே, சும்மா நெனச்சிடாதீங்க. மூணாவது தடவையா ஜெயிச்சு உக்காந்திருக்கேன்.

அதோட விட்டிருக்கலாம்ல? விடலியே! இந்த வாய் இருக்கே, இது சும்மா இருந்தாத்தானே!

எதிர்ல பாருங்க, அந்தா, டயர்க் கடை. ஜீலாலி கடை. இன்னைக்குச் சுத்தமா இருக்குல்ல? முன்னாடி நடைபாதை பூரா பழைய டயர் மலையாக் கெடக்கும். மழை பெஞ்சா அதுல தண்ணி நின்னு கொசு. என் வாடிக்கைக்காரன் டீயில கொசு! நேரா கேட்டா சண்டை வரும். அவன் மச்சான் போலீஸ்ல இருக்கான். அதனால மூளையப் பயன்படுத்தினேன். பிள்ளைங்களை விட்டுக் கேக்க வெச்சா? சின்னஞ்சிறுசுங்க மேல யாரு கோவப்பட முடியும்?

எந்திரிச்சேன் சபையில. ‘தலைவரே, பிள்ளைங்க பேசுறதைக் கேட்டுட்டு குப்பையில போட்டா அது குரல் குடுக்கிறதா? அதுங்க நிறைவேத்துற தீர்மானத்தை நாம கண்டிப்பா ஓட்டுக்கு விடணும். ரகசிய ஓட்டு இல்ல, கை தூக்கணும். யாரு ஆதரவு, யாரு எதிர்ப்புன்னு பிள்ளைங்களுக்குத் தெரியணும்!’ அப்படின்னேன். தட்டினாங்க பாருங்க கை! எனக்கே கண்ணு கலங்கிருச்சு. நான் இவ்வளவு நல்லவனான்னு!

சரி, இப்ப டயரைப் பத்திப் பேச ஒரு ஆள் வேணும்ல? வெளிய எதுக்குத் தேடணும், வீட்லயே ஒண்ணு இருக்கே. வியாம். என் பொண்ணு. ஆமாண்ணே, அந்தச் செருப்புக்காரிதான். அது மாட்டேன்னுச்சு. ‘எனக்குப் பேச வராதுப்பா, நான் புஸ்தகம் படிக்கிறேன்’னுச்சு. விட்டேனா? ‘பொது வாழ்க்கைன்னா தைரியம் வேணும்மா, சொந்தக்காரன் வேண்டியவன்னு பாக்கக் கூடாதும்மா’ன்னு தினம் சாப்பாட்டு நேரத்துல பாடம். எப்படி நிக்கணும், எப்படிக் கண்ணைப் பாத்துப் பேசணும், ஆதாரம் இல்லாம ஏன் வாயைத் திறக்கக் கூடாது, எல்லாம் நான் சொல்லிக் குடுத்தது. ‘நடைபாதை நடக்கிறவர்க்கே!’ங்கிற கோஷம்கூட நான் எழுதிக் குடுத்ததுதான். என் பொண்டாட்டி ரக்கியா அடுப்பாண்டையிலேருந்து ஒரு மாதிரி சிரிச்சா. ஏன் சிரிக்கிறான்னு அன்னைக்குப் புரியல.

ஜெயிச்சிருச்சு. முதல் கூட்டம் வந்துச்சு. மண்டபத்துல கூட்டம்னா கூட்டம், பெத்தவங்க, வாத்தியாருங்க, போட்டோக்காரன். உக்கார இடம் பத்தல. ‘புவஸ்ஸா, உங்க கடை நாற்காலி கொஞ்சம்...’ன்னாரு தலைவரு. கொஞ்சமா? அத்தனையும் ஏத்தி அனுப்பினேன். பெஞ்சுக்கு நடுவுல இருந்த வழியிலெல்லாம் என் நாற்காலிதான். பெருமையா இருந்துச்சு.

முதல்ல ஒரு பையன் எந்திரிச்சு நீச்சல் குளம் கேட்டான். குடிக்கவே தண்ணி ஒருநாள் விட்டு ஒருநாள் வருது! இன்னொருத்தன் கணக்குப் பாடத்தை ஊரை விட்டே தூக்கணும்னான். எல்லாரும் சிரிச்சோம், தலைவருக்குக் கண்ணு சொக்கிருச்சு. அப்புறம் எந்திரிச்சா எங்க வியாம். சொன்ன மாதிரியே நின்னா. சொன்ன மாதிரியே கண்ணைப் பாத்தா. திரையில ஒரு படம் போட்டா, ஜீலாலி டயர்! நான் கை தட்டினேன் பாருங்க... முதல் ஆளா எந்திரிச்சுத் தட்டினேன். பின்னாடி உக்காந்திருந்த ஜீலாலி மூஞ்சி வெந்து போச்சு.

அடுத்த படம் போட்டா.

என் கடைண்ணே. வாசல் பூரா நாற்காலி. நடுவுல தட்டும் கையுமா நான், முப்பத்திரெண்டு பல்லும் தெரிய இளிச்சுக்கிட்டு. என் மூஞ்சியக்கூட மறைக்கல. மண்டபமே சிரிச்சுச்சு. நான் அப்பவும் நின்னுக்கிட்டே இருக்கேன், தட்டின கை அப்படியே நிக்குது.

அதோட விட்டுச்சா? ‘என் வகுப்புத் தோழி நுஹைலா பேசணும்’னுச்சு. நுஹைலான்னா... பேக்கரிக்காரர் பொண்ணு. வசந்த காலத்துல என் கடை முன்னாடிதான், நடைபாதைய விட்டுக் கீழ இறங்கி நடந்துச்சு, வெங்காயம் ஏத்தின மூணு சக்கர வண்டிக்காரன் அடிச்சுட்டான். கால் ரெண்டு இடத்துல முறிஞ்சு போச்சு. நான்தான்ணே தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். வண்டிக்காரனை ஊரே திட்டுச்சு. நானும் திட்டினேன். எல்லாரையும் விட அதிகமா நான்தான் திட்டினேன்.

அந்தப் பொண்ணு ஊன்றுகோலோட பின் வரிசையிலேருந்து எந்திரிச்சு வருது. வர முடியல. வழி பூரா என் நாற்காலி. ஊன்றுகோல் நாற்காலிக் காலுல மாட்டுது, எடுத்து வெக்குது, மறுபடி மாட்டுது. கோட்டு போட்டு டை கட்டின பெரிய மனுசங்கல்லாம் எந்திரிச்சு நாற்காலிய மடக்கித் தலைக்கு மேல தூக்கிப் பிடிக்கிறாங்க. அது மேடைக்கு வந்து சேந்ததும் மைக்கைப் பிடிச்சு, ‘நான் பேச வந்தது இதைத்தான்’னுச்சு. போய் உக்காந்துருச்சு. தீர்மானம் ஒருமனசா நிறைவேறிருச்சு. டயர், நாற்காலி, காய்கறிப் பெட்டி, ஒண்ணும் நடைபாதையில இருக்கக் கூடாது.

அங்க யாரோ கத்துறானா? மெக்னெஸ்தான். இன்னும் மூணு ஆள் குறையுதுங்கிறான், உக்காருங்க.

வீட்டுல அன்னைக்கு மதியம் ரக்கியா குஸ்குஸ் ரவைச் சோறு வெச்சிருந்தா. நான் தட்டை விட்டுத் தலைய நிமித்தல. பொண்ணும் அப்படித்தான். கடைசியில, ‘மதிப்புக்குரிய உறுப்பினர் அவர்களே, அந்த உப்பை இந்தப் பக்கம் தள்ளுங்க’ங்குது! ரக்கியாவுக்குச் சிரிச்சுப் புரை ஏறிருச்சு. ‘ஏன்டி, அப்பன் கடையில மண்ணு விழட்டும்னா?’ன்னேன். ‘வேண்டியவன்னு பாக்கக் கூடாதுன்னு நீங்கதானேப்பா சொன்னீங்க’ன்னுச்சு. கேலியில்ல, சாதாரணமாத்தான் சொல்லுச்சு. அதான் இன்னும் எரிஞ்சுச்சு.

சரி, பிள்ளைங்க தீர்மானம் போட்டா ஆச்சா? பெரிய சபையில ஜெயிக்கணும்ல? கை தூக்கி! நான் வெச்ச விதியாச்சே! ஓடினேன் ஒவ்வொரு உறுப்பினர் வீட்டுக்கும். டீ, கேக்கு, ‘உங்க தம்பி கடையும் நடைபாதையிலதானே இருக்கு, பாத்துக்குங்க’ன்னு ஒரு சிரிப்பு. இதுல கொடுமை என்னன்னா, ஜீலாலி என்னைத் தேடி வந்துட்டான்! பத்து வருசப் பகை, வந்து கட்டிப் பிடிக்கிறான். ‘புவஸ்ஸா, நாம ஒண்ணா நிக்கணும்’ங்கிறான். அவன் மேல ரப்பர் நாத்தம். நானும் கட்டிப் பிடிச்சேன். அரசியல்ணே!

ஓட்டு நாள். பிள்ளைங்கல்லாம் பக்கத்துல பார்வையாளர் பெஞ்சுல. வியாம் மடியில காகிதத்தை வெச்சுக்கிட்டு யாரு ஆதரவு, யாரு எதிர்ப்புன்னு முன்கூட்டியே குறிச்சுக்கிட்டிருக்கு. எட்டிப் பாத்தேன். என் பேரை முதல்ல எழுதி முதல்லயே அடிச்சு வெச்சிருந்துச்சு. சரிதானே? நான் எதிர்ப்புதானே? அப்புறம் எதுக்கு நான் மறுபடி மறுபடி எட்டிப் பாக்கணும்? சொல்லுங்க!

ஜீலாலி எனக்குப் பின்னாடி வந்து உக்காந்தான். அந்தப் பேக்கரிக்காரர் பொண்ணு உள்ள வருது, டக்கு டக்குன்னு ஊன்றுகோல் சத்தம். இவன் என் காதுகிட்ட குனிஞ்சு, ‘நொண்டிக்கு ஊர் சுத்தாட்டி என்ன, வீட்ல கெடக்க வேண்டியதுதானே’ன்னுட்டு என்னைப் பாத்துச் சிரிக்கிறான். நானும் சிரிப்பேன்னு காத்திருக்கான்ணே. கூட்டாளியாச்சே! அந்தப் பொண்ணு காதுல விழுந்துருச்சு. விழாத மாதிரி போய் உக்காந்துச்சு. அன்னைக்கு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினப்ப என் சட்டையைப் பிடிச்சுக்கிட்டு, ‘மாமா, அம்மாகிட்ட சொல்லாதீங்க, பயந்துருவாங்க’ன்னுச்சுண்ணே அது. அந்தப் பொண்ணைப் போயி...

ஆதரவு தெரிவிக்கிறவங்க கை தூக்குங்கன்னாரு தலைவரு. தூக்கினாங்க. எண்ணினாரு. ஒரே ஒரு கை குறையுது. அவ்வளவுதான், தீர்மானம் தோத்துருச்சு, நாங்க ஜெயிச்சுட்டோம். அந்த நேரம் பாத்து ஒரு மடையன், உலக மகா மடையன், கையைத் தூக்கிட்டான்.

யாருன்னு கேக்குறீங்களா? அது... எனக்கு ஒரு வாரமா தோள்பட்டை பிடிச்சிருந்துச்சுண்ணே. டாக்டரு அப்பப்ப கையை மேல நீட்டி இறக்கச் சொல்லியிருக்காரு. நீட்டினேன். தலைவரு அவசரப்பட்டு எண்ணிட்டாரு. நான் என்ன பண்ணுவேன்?

ரக்கியாவும் இப்படித்தான் பாத்தா, நீங்க பாக்குற மாதிரியே.

அட, எந்திரிக்கிறீங்க? ஆள் சேந்துருச்சா? ஒரு நிமிசம்ணே, ஒரே நிமிசம், பெரிய அநியாயமே இனிமேத்தான் இருக்கு. கூட்டம் முடிஞ்சு வெளிய வரேன். ஊரே என்னைப் பாக்குது. படிக்கட்டுல பொண்ணு நிக்குது. ஏதாவது சொல்லும்னு பாத்தா, ‘அப்பா, நீங்க கை தூக்கினதா நுஹைலா சொல்றா, நிஜமா? நான் குனிஞ்சு எழுதிக்கிட்டிருந்தேன், பாக்கலியே’ங்குது! பாக்கலியாம்ணே! கடை போச்சு, வாசல் போச்சு, ஜீலாலி வெட்டுறேங்கிறான், இவ பாக்கல! ‘இன்னொரு தடவை தூக்கிக் காட்டுங்கப்பா’ங்குது. நடு வீதியில, அத்தனை பேரு போக வர...

இருங்க, இருங்க, டிரைவர் நிக்கிறான், விட்டுட்டுப் போக மாட்டான்... அண்ணே... தூக்கினேன்ணே! வலிச்சுச்சு, ஆனா நல்லா உசரமாவே தூக்கினேன்!