இடப்பக்கம் காலி

ஹலோ... ஹலோ, தம்பி? அக்காடா. ... ஆமா, சலவைக்கடையிலருந்துதான். ... ஸ்டீம் இஸ்திரி சத்தம். இரு, அணைக்கிறேன். ... ம், இப்பக் கேக்குதா? நல்லாக் கேக்குதா? ... சும்மா கேக்கல. காரணமாத்தான் கேக்குறேன்.

யாருக்கும் ஒண்ணும் ஆகல. பாப்பா ஸ்கூல்ல இருக்கா, அத்தான் வேலைக்குப் போயிட்டாரு. ... உன்னப் பத்தித்தான். உன் புது ஆல்பத்தப் பத்தி.

அய்யோ, சிரிக்காத. ... ஆமா, ஆமா, அன்னிக்கு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுதான் நல்லாருக்குன்னு சொன்னேன். பிடிக்கல. முத ஆல்பத்துல நீயும் உன் பேண்டும் கூரையப் பிச்சு எறிஞ்சீங்க. இதப் போட்டா அடுத்த வீட்ல யாரோ கதவச் சாத்திக்கிட்டுப் பாடுற மாதிரி இருந்துச்சு. இதுக்கா ராப்பகலா உக்காந்தான்னு அத்தான்கிட்டக்கூடச் சொன்னேன். ... நானா? சோபாவுல உக்காந்து கேட்டேன். இடப்பக்க ஸ்பீக்கருக்குப் பக்கத்துல. அதத்தான் சொல்ல வரேன், குறுக்கப் பேசாத.

இங்க கடையில ஒரு காதுலதான் இயர்ஃபோன் மாட்டுவேன். வலது காதுல. இடது காது கவுண்டர் மணிக்கு. ... பின்ன? முதலாளியம்மா மணி அடிச்சா ஓடணும்ல. அப்படித்தான் திரும்பப் போட்டேன். தம்பியாச்சேன்னு போட்டேன், வேற எதுக்கு? சட்டைக் காலர் தேய்க்கிறப்ப அது பாட்டுக்கு ஓடுச்சு. அப்புறம் பாத்தா, முடிஞ்சதும் என் கையே திரும்பப் போடுது. அந்த ரெண்டாவது பாட்டு... நீ முணுமுணுன்னு ஆரம்பிச்சு, பின்னாலருந்து உன் சேக்காளி பல்லியோட டிரம்ஸ் வருமே, அந்த இடம் வந்தா அப்படியே நின்னுடுறேன். யாரோ ஒரு வக்கீலோட பேன்ட் கருகிப் போயிருக்கும், தப்பிச்சேன். ... நிசமாத்தான்.

இரு, சந்தோஷப்படாத. இன்னும் முடிக்கல.

இன்னிக்கு முதலாளியம்மா வரல. கடையில வேற யாருமில்ல. சரின்னு ரெண்டு காதுலயும் மாட்டுனேன். ... இடது காதுல ஒண்ணுமே இல்லடா. ... ஒண்ணுமில்லன்னா ஒண்ணுமில்ல. உஸ்ஸுன்னு ஒரு காத்து. கிட்டார், டிரம்ஸ், உன் குரல், அத்தனையும் வலப்பக்கம் போய் ஒண்டிக்கிட்டு நிக்குது. இயர்ஃபோன்தான் போச்சுன்னு வேற பாட்டப் போட்டேன், ரெண்டு பக்கமும் வருது. உன் பழைய ஆல்பத்தப் போட்டேன், அதுவும் வருது. இது மட்டும்தான்...

என்னது? ஸ்டைலா? ... பல்லிகிட்டயும் அதத்தான் சொன்னியாம். இப்பதான் அவனோட பேசினேன். ‘அவன் ஏதோ பெருசா யோசிச்சிருப்பான்க்கா, நாங்க கேள்வி கேக்கல’ங்கிறான். நெட்ல ஒருத்தன் எழுதியிருக்கான், இடப்பக்க வெறுமை பிரிவின் குறியீடாம். குறியீடு! என் தலை!

தம்பி, இங்க பாரு. குரலு, கிட்டாரு எல்லாத்தையும் ஒண்ணாச் சேக்குற அந்த மிக்ஸிங் நீ ஒருத்தனாத்தான பண்ணுன? ... ஹெட்போன் போட்டு? ... ம். ... ம். உனக்குக் கேட்ட பக்கமாத்தான எல்லாத்தையும் தள்ளியிருப்ப?

இடது காது கேக்குதா உனக்கு?

... என்னது?

சளி அடைப்பா? பொய் சொல்லாதடா. அன்னிக்கு பாப்பா உனக்கு இடப்பக்கம் நின்னுக்கிட்டு மாமா, மாமான்னு கத்துறா. நீ தட்டப் பாத்துச் சாப்பிட்டுக்கிட்டே இருந்த. மாமா பாட்டு யோசிக்கிறாரு, தொந்தரவு பண்ணாதன்னு நான் அவளத் திட்டினேன். பாவம், அவளத் திட்டினேன் நான். ... ஆமா, அதுக்கப்புறம் வந்தப்பல்லாம் இடப்பக்கம் சுவர் வர்ற மாதிரிதான் உக்காருற. எனக்கு அப்பத் தோணலையே...

என்ன சத்தம் அது? ... ஹார்ன்டா! எனக்கே கேக்குது! எங்க இருக்க நீ? ... ரோட்லயா? நடந்துக்கிட்டா பேசுற? ஃபோன் எந்தக் காதுல? ... வலது காதுலயா? அப்ப வண்டி வந்தா எந்தக் காதுல கேப்ப?

நில்லு. நில்லுடா! நடக்காத! ... ஓரமா போ. பக்கத்துல என்ன இருக்கு? ... மூக்குக்கண்ணாடிக் கடையா? உள்ள போ. ... என்ன வேணும்னு கேட்டா ஃப்ரேம் பாக்குறேன்னு சொல்லு! போ! ... போயிட்டியா? ... கதவு சாத்தியாச்சா? ... அப்பாடா.

எப்பலருந்து? ... ரெக்கார்டிங் ஆரம்பிச்சப்பவா? ... ம்... காலையில எந்திரிச்சா கேக்கலையா... ம்... டாக்டரப் பாத்தியா? ... பாக்கல. ... பாட்ட நிறுத்தச் சொல்லிடுவாருன்னு பாக்கல. ... ஆமா, ஆமா, புரியுது. எங்க புரியுது, ஒரு மண்ணும் புரியல! காதுடா அது! ... கத்தல. நான் கத்தல.

அதான் அவ்வளவு அவசரமா முடிச்சியா? ... என்ன சொன்ன? ... திரும்பச் சொல்லு.

வலதுலயுமா?

... எப்படி, இரைச்சலாவா? ... விட்டு விட்டா, இல்ல எந்நேரமுமா?

... இல்ல, இருக்கேன். இருக்கேன்டா. உக்காந்துட்டேன், துணி மூட்டை மேல.

கேக்குற வரைக்கும் பாடி வச்சுடலாம்னு பாத்திருக்க. யார்கிட்டயும் ஒரு வார்த்த சொல்லாம. கடவுளே...

இதோட சாயங்காலம் கச்சேரின்னு மேடை வேற ஏறப் போறியா? அந்த ஸ்பீக்கர் கத்துறதுக்கு நடுவுலயா, இருக்கிற ஒரு காத வச்சுக்கிட்டு? ... டாக்டர நாளைக்குப் பாக்குறேங்கிற பேச்சே வேணாம். நாளைக்கு அதுவும் போயிட்டா? ... டிக்கெட் வித்தாச்சுன்னா திருப்பிக் குடுங்க. ... பல்லி கோவிச்சுக்கட்டும். ... கூட்டம் திரும்ப வராதுன்னா வராமப் போகட்டும். ... தம்பி. ... அழாதடா. கடைக்காரர் பாக்கப் போறாரு. ... ம். ... ம்.

ஒண்ணு பண்ணு. ஃபோன இடது காதுக்கு மாத்து. ... மாத்துன்னா மாத்து. நான் பேசுறேன். எதாச்சும் கேட்டா உடனே சொல்லு. கேக்கலன்னா கொஞ்ச நேரம் கழிச்சு இந்தக் காதுக்கே வந்துடு. ... ம், வை.

... தம்பி? ... கேக்குதா? ... தம்பி!

டேய், மூக்கொழுகி.

... அதுக்குமா கோவம் வரல? சின்ன வயசுல அப்படிக் கூப்பிட்டா தட்டத் தூக்கி எறிவியே... கல்யாண வீட்ல கூப்பிட்டதுக்குக்கூட என்கூடப் பேசாம இருந்தியே... ஒண்ணுமே கேக்கலையா? ... அய்யோ, நிசமாவே கேக்கலையா உனக்கு? ... பயமா இருக்குடா. ரொம்பப் பயமா இருக்கு. இந்தப் பாட்டெல்லாம் இல்லாம இனிமே எனக்கு இந்தக் கடையில ஒரு நாள் ஓடாதுடா. நீ பாடணும்டா. நீ பாடி நீ கேக்கணும்...

ஆ... மாத்திட்டியா? ... சும்மாதான், ஒண்ணு ரெண்டு மூணு எண்ணினேன். ... யாரு அழுறா? ஸ்டீம் மூஞ்சில அடிக்குது. ... அணைச்சிட்டேன்னு சொன்னேனா? திரும்பப் போட்டுட்டேன், உனக்கென்ன?

சரி, கேட்டுக்க. அங்கயே இரு. வாசப்படி தாண்டக் கூடாது. கடைப் பேர மெசேஜ்ல அனுப்பு, டாக்ஸி புடிச்சு வரேன், நேரா காது டாக்டர்கிட்ட போறோம். ... கடையப் பூட்டிட்டுத்தான். ... முதலாளியம்மா வேலைய விட்டுத் தூக்குனா தூக்கட்டும். ... வந்ததும் உன் வலப்பக்கமா நின்னு கூப்பிடுறேன். ... ம். வைக்கட்டா?

... எது? ... அதான் எண்ணினேன்னு சொன்னேன்ல. ... நம்பலன்னா போ. ... சரி, வேற ஒண்ணும் சொன்னேன். நேர்ல வந்து சொல்றேன். ... டாக்டரப் பாத்துட்டு அப்புறமா...

இல்ல. இரு, இரு! வைக்காத. அப்புறம்னு எதையும் தள்ளி வைக்க வேணாம், இப்பவே சொல்லிடுறேன். ஃபோன நல்லா காதுல அழுத்தி வை. ... இன்னும் கொஞ்சம் அழுத்து. ... வச்சிட்டியா?

டேய், மூக்கொழுகி.

... ஆ! கோவம் வருதா? ... வருதுல்ல? ... திட்டு. நல்லாத் திட்டுடா. நான் வந்து சேர்ற வரைக்கும் நிறுத்தாத. கேட்டுக்கிட்டே வரேன்.