யட்டாவின் செம்பனைக் கொட்டைகள்

கப்பல்கள் பாய் கட்டி வந்த காலமாம் அது. லைபீரியாவில், கடலுக்கும் ஏரிக்கும் நடுவே, வை மொழி பேசும் எங்கள் தோம்போஜா ஊரில் யட்டா என்று ஒருத்தி இருந்தாளாம். தானே காடு வெட்டி ஓடைக்கரையில் நெல் விளைவித்தவள். புருஷன் க்பானா கப்பல் வேலைக்குப் போயிருந்தான். அந்த 'க்ப'வை உதடும் தொண்டையும் ஒன்றாகத் திறந்து சொல்லவேண்டும். அவள் சொன்னால் கதவு திறந்த மாதிரி இருக்குமாம்.

ஒருநாள் அவன் கடிதம் வந்தது. ஊரில் வாசிக்கத் தெரிந்தவன் க்பானாவின் அண்ணன் சியாஃபா மட்டும்தான். அவன் வெளியூரில் சாவுக்குப் போயிருந்தான். யட்டாவுக்கு யாரும் எழுத்துக் கற்றுத்தரவில்லை. பெண்ணுக்குக் கற்றுத்தராதது அன்றைய வழக்கம் என்பார்கள். வழக்கமாவது! அது ஆண்களுக்கு வசதி.

எங்கள் எழுத்தில் ஒரு குறிக்கு ஒரு ஓசை. அதுமட்டும் அவளுக்குத் தெரியும். ஏக்கம் தாங்காமல் ஒவ்வொரு குறிமேலும் ஒரு செம்பனைக் கொட்டை வைத்து, பிறகு அத்தனையையும் மடியில் அள்ளிக்கொண்டாளாம். அவன் பேச்சு கொஞ்சம் மடியில் கிடக்கட்டுமே என்று.

மூன்றாம் நாள் சியாஃபா வந்தான். ஊர் கூடியது. குறி குறியாக, ஓசை ஓசையாக வாசித்தான். ஓசைக்கு ஒன்றாக யட்டா கூடையில் கொட்டை போட்டாள். டொக், டொக். நெல் பால் பிடித்ததா என்று கேட்டிருந்தான் க்பானா. மழைக்கு முன்னே வந்துவிடுவேன் என்றிருந்தான். அவள் விரலில் கடைசிக் கொட்டை. சியாஃபா நிறுத்தவில்லை. அதுவரை நிலத்தை அண்ணனிடம் விட்டுவிடு என்று வாசித்துக்கொண்டே போனான்.

"மூத்தாரே, எம் புருஷன் பேச்சு முடிஞ்சுபோச்சு. இப்பப் பேசுறது யாரு?"

"வாசிக்கத் தெரியாதவ என்னைக் கேக்க வந்துட்டா."

"வாசிக்கத் தெரியாது. எண்ணத் தெரியும்."

ஊர்ப் பெரியவர்கள் கடிதத்தை வாங்கி, தாங்களே கொட்டை வைத்து எடுத்தார்கள். மறுபடி வாசிக்கச் சொன்னார்கள். மறுபடியும் 'வந்துவிடுவேன்' என்ற இடத்தில் கொட்டை தீர்ந்தது.

பாவம், அவனுக்குக் கண் மங்கிவிட்டது என்று இன்றும் சிலர் பரிந்து பேசுவார்கள். கண் மங்கினால் சொல் விட்டுப்போகும். நிலமா கூடி வரும்?

க்பானா வந்தான் என்பார்கள், வரவில்லை என்பார்கள். ஓடைக்கரைக்கு மட்டும் இன்றும் யட்டா நிலம் என்றே பேர். எங்கள் ஊரில் கடிதம் வாசித்தால் கேட்பவர் மடியில் கொட்டை இருக்கும். அந்த டொக் டொக் சத்தத்துக்கு இடையில்தான் என் அம்மாவுக்கு வந்த கடிதங்களை எல்லாம் கேட்டு வளர்ந்தேன். கடைசிக் கொட்டையைக் கூடையில் போடமாட்டோம். யட்டா போடவில்லையாம். 'வந்துவிடுவேன்' என்பதன் கடைசி ஓசை அல்லவா, அதைக் கையிலேயே வைத்துக்கொண்டாளாம்.