பதினேழு பேர் சொன்ன நண்டு இடங்கள்

மன்னாரிலிருந்து சிலாவத்துறை போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பேர். பேச்சிலிருந்து, ஒருவர் பள்ளிமுனை மீனவர் என்றும், மற்றவள் நண்டு பிடிப்பைப் பற்றி அவரிடம் முன்பு தகவல் கேட்டுப்போன பல்கலைக்கழக ஆய்வாளர் என்றும் தெரிந்தது. மீனவர் கேட்ட கேள்விக்குப் பிறகு நான் யன்னலுக்கு வெளியே பார்க்கவில்லை.

"நீங்கள் எழுதின கட்டுரைக்கு நீங்களே காசு கட்டினனீங்களோ?"

"ஓம் அண்ணை, ஆய்வுச் சஞ்சிகைக்காரருக்கு. அப்பத்தான் ஆரும் காசில்லாமல் வாசிக்கலாம். சேர்த்த தகவலையும் எல்லாரும் பாக்கிற மாதிரிப் போடவேணும் எண்டது அவையின்ர சட்டம்."

"நான் சொன்ன இடத்தையுமோ?"

"பேர் போடேல்லை. மீனவர் இலக்கம் ஏழு எண்டுதான் கிடக்கு."

"அந்த இடத்தில வலை போடுறது நான் ஒருத்தன்தானே தங்கச்சி. பிறகு பேர் என்னத்துக்கு?"

"நீங்கள் சம்மதக் கடிதத்தில கையெழுத்து வைச்சனீங்கள் அண்ணை. இனி எடுக்கேலாது, இணையத்தில வந்திட்டுது."

"மற்றாக்கள் சொன்னதும் கிடக்கோ?"

போனில் வரைபடத்தைக் காட்டினாள். வங்காலை தாண்டியும் அவர் ஒவ்வொரு புள்ளியாகப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதில வெறும் சேறு. இதில கல்லு, வலை கிழிஞ்சுபோம். இந்தப் பக்கம் ஒருத்தரும் போறேல்லை."

"பதினேழு பேரும் நேரில சொன்னது அண்ணை."

"எங்கட ஆக்கள் நண்டு படுற இடத்தைச் சொந்த மச்சானுக்கும் உள்ளபடி சொல்லமாட்டினம்." அவர் போனைத் திருப்பிக் கொடுத்தார். "இதில உண்மையைச் சொன்ன விசரன் நான் ஒருத்தன்தான்."