மாஸ்டர் கடைசியாக எழுதிய குரல்

மேடையில் வீற்றிருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, வாத்தியங்களை வீட்டில் வைத்துவிட்டு வெறுங்கையோடு வந்திருக்கும் இசைக்குழுத் தோழர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாஸ்டரின் மகளும் உச்சக்குரல் பாடும் எங்கள் சோப்ரானோவுமான தங்கச்சியே! அனைவருக்கும் வணக்கம்.

நான் டிராம்போன் என்னும் பெரிய பித்தளைக் குழலை ஊதுகிறவன். குழுவிலேயே அதிகம் திட்டு வாங்கியவன் என்ற தகுதியில்தான் என்னைப் பேச அழைத்திருக்க வேண்டும். மாஸ்டரைப் போல ஓர் இசையமைப்பாளர் உண்டா! எழுதுவதும் அவரே, எழுதியதை வாசித்தால் கோபிப்பதும் அவரே! மகள் பாடுவதற்காக, முழு இசைக்குழுவையும் சேர்த்து, ஒரு பெரும் படைப்பை எழுதினார். ஒத்திகையில் அரங்கின் கடைசி வரிசைக்குப் போய்விடுவார். மகள் பாடும் ஒரு சொல் காதில் விழாவிட்டால் போதும், அங்கிருந்தே கத்துவார்.

"டிராம்போன்! எம்பொண்ணு பாடுறாளா, இல்ல சும்மா வாயைத் தொறந்து மூடுறாளா?"

"நீங்க எழுதினதைத்தான் ஊதுறேன் மாஸ்டர்."

"எழுதினவன் மடையன். நீயாவது புத்தியோட ஊது!"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போன வாரம் தூக்கத்திலேயே போய்விட்டார். இனி என்னைத் திட்ட ஆளில்லை.

நண்பர்களே! அந்தப் படைப்பின் முடிவுப் பகுதியில் மகள் பாட வேண்டியது மட்டும் எழுதியிருக்கிறது. நமக்கான இடமெல்லாம் காலி. முடிக்காமல் போய்விட்டார், வேறொருவரை வைத்து நிரப்பிவிடலாம் என்று சங்கத்தில் சொல்கிறார்கள். நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். நேற்று மகளும் என்னிடம், "பயமா இருக்கு அண்ணே. பின்னால ஒருத்தருமே இல்லாம நான் எப்படிப் பாடுவேன்? யாராச்சும் எழுதிக் குடுத்துடட்டுமே" என்றார்.

தங்கச்சி, கேள். உன் அப்பா வேலை செய்த விதம் என்ன? முதலில் வயலின்கள், பிறகு புல்லாங்குழல்கள், பிறகு பித்தளைக் குழல்காரர்கள் நாங்கள், அதற்கும் பிறகு டிரம்கள். இத்தனையும் முடிந்து மை காய்ந்த பிறகுதான் குரலைத் தொடுவார். "வீட்டைக் கட்டாம பொண்ணை எங்க குடிவைக்கிறது?" என்பார். ஒருமுறையாவது குரலை முதலில் எழுதியிருக்கிறாரா? எழுதியதே இல்லை! அப்படியானால் இது பாதியில் நின்ற வேலையா? இல்லை தோழர்களே, இல்லவே இல்லை! குரலை எழுதிவிட்டார் என்றால் எங்கள் வேலை அதற்கு முன்பே முடிந்துவிட்டது என்று அர்த்தம். இந்த ஒரு பகுதியில் எங்களைச் சும்மா இருக்கச் சொல்லியிருக்கிறார்.

இருப்போம்! அரங்கேற்றத்தன்று ஒருவர் குறையாமல் மேடைக்கு வருவோம். முடிவுப் பகுதி வந்ததும் வாத்தியங்களை மடியில் வைத்துக்கொள்வோம். ஒரு நாற்காலிகூட முனகாது. இருமல் வந்தால் விழுங்கிக்கொள்வோம். ஊதத் தெரிந்தும் ஊதாமல், உன் பின்னால் உட்கார்ந்து உன்னையே கேட்டுக்கொண்டிருப்போம். மாஸ்டர் மேல் ஆணை.

நீ பாடு, தங்கச்சி.