இருபத்தேழு கிலோ

காருக்கு சைக்கிள் கேரியர் வாங்க வருகிறவர்கள் முதலில் நிறத்தைத்தான் கேட்பார்கள், சார். கறுப்பு இருக்கா, வெள்ளி இருக்கா என்று. சைக்கிள் எத்தனை கிலோ என்று நான் திருப்பிக் கேட்டால், வயதைக் கேட்டுவிட்ட மாதிரி முறைப்பார்கள்.

அதனால்தான் கடையில் எனக்குக் 'கறார்' என்று பெயர். ஆகாத கேரியரை விற்க மாட்டேன். "வர்றவங்களைத் துரத்துறதுக்குன்னே இவனுக்குச் சம்பளம் குடுக்குறேன்" என்று முதலாளி தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் ஆறு வருடத்தில் நான் மாட்டிய கேரியர் ஒன்றுகூடக் கழன்றதில்லை. போன மாதம் வரைக்கும். அதையும் சேர்த்தே எழுதிக்கொள்ளுங்கள்.

மாட்டி முடித்ததும் சைக்கிளை இரண்டு கையாலும் பிடித்து உலுக்குவேன். கார் சேர்ந்து ஆட வேண்டும். கார் சும்மா நிற்க, சைக்கிள் மட்டும் ஆடினால் எல்லாவற்றையும் அவிழ்த்து மறுபடி மாட்டுவேன். கடைசியில், சாவியைக் கொடுக்கும்போது ஒரு வாக்கியம். "அம்பது கிலோமீட்டர் ஓடினதும் ஓரங்கட்டி ஒருதடவை இறுக்கிக்குங்க." புதுப் பெல்ட் முதல் ஓட்டத்தில் கொஞ்சம் நெகிழும். கைக்குழந்தையோடு வந்தவருக்கும் சொல்லியிருக்கிறேன், என்னோடு சண்டை போட்டுவிட்டுப் போனவருக்கும் சொல்லியிருக்கிறேன்.

பல் டாக்டர் ஒரு வெள்ளிக்கிழமை காலை வந்தார். கூட அவருடைய மகள். அவரை எனக்குத் தெரியும். அவருக்கு என்னைத் தெரியவில்லை.

எட்டு வருடத்துக்கு முன்னால் அவர் கார் கூரையிலிருந்து ஒரு சைக்கிள் கழன்று சாலையில் விழுந்தது. பின்னால் ஸ்கூட்டரில் வந்தவள் என் தங்கை. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை முடிந்து வீட்டுக்கு வந்துகொண்டிருந்தாள். ஹெல்மெட் போட்டிருந்தாள். அதை எல்லோரும் என்னிடம் ஓர் ஆறுதல் போலச் சொன்னார்கள்.

வழக்கு ஒன்றரை வருடம் இழுத்தது. கவனக்குறைவு என்றார்கள். அபராதம், ஆறு மாதம் லைசென்ஸ் கிடையாது, அவ்வளவுதான். தீர்ப்பு முடிந்து வெளியே வந்தபோது வராந்தாவில் என் தோளில் கை வைத்தார். "விபத்துன்னா அப்படித்தான் தம்பி. யாரும் வேணும்னு பண்றதில்ல. அந்தப் பொண்ணுக்கு விதி அவ்வளவுதான்" என்றார். அந்தப் பொண்ணு. ஒன்றரை வருடம் கோர்ட்டில் அவள் பெயரை வாசித்திருக்கிறார்கள். அவர் வாயில் ஒருநாளும் வரவில்லை.

அதுவரை நான் ஏசி ரிப்பேர் செய்துகொண்டிருந்தேன். அடுத்த மாதமே இந்தக் கடையில் சேர்ந்தேன். கேரியர் ஏன் கழல்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக மட்டும். அவருடைய கிளினிக் கடையிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்தது தற்செயல்.

மகளுக்குப் புதிதாக மலைச் சைக்கிள் வாங்கியிருந்தார். பேட்டரி வைத்தது. டயர் ஒவ்வொன்றும் என் கை பருமன். தராசில் ஏற்றினேன். இருபத்தேழு கிலோ. வழக்கம்போல மூன்று வகையையும் காட்டினேன். கூரை மேல் வைப்பது, காரின் அடியில் கொக்கி பொருத்தி அதில் ஏற்றுவது, டிக்கிக் கதவில் பெல்ட் போட்டுத் தொங்கவிடுவது.

"கூரை வேணாம்ப்பா" என்றார். "முன்ன ஒருதடவை அதுல ஒரு தொல்லை ஆயிடுச்சு."

தொல்லை. அந்தச் சொல்லைச் சொல்லியிருக்காவிட்டால் கொக்கி வகையைத்தான் கொடுத்திருப்பேன். அப்படித்தான் நினைக்கிறேன்.

கொக்கி பொருத்த இரண்டு நாள் ஆகும். அவர்கள் ஞாயிற்றுக்கிழமையே மலைக்குக் கிளம்புகிறார்கள். பெல்ட் வகையைக் கை காட்டினார். அது பதினைந்து கிலோவுக்கு மேல் தாங்காது. வேறு யாராவது கேட்டிருந்தால், "இது உங்க சைக்கிளுக்கு ஆகாது" என்று எடுத்து உள்ளே வைத்திருப்பேன். அன்று, "சாருக்குப் பிடிச்சா சரி" என்றேன். முதலாளி நிமிர்ந்து பார்த்தார். "கறாருக்கு என்ன ஆச்சு, காய்ச்சலா?" என்றார்.

"பின்விளக்கை மறைக்கும் சார். பின்னால உங்க ஆளுங்க யாராவது வருவாங்களா?" என்று கேட்டேன். எல்லோரிடமும் கேட்பதுதான்.

"நான்தாண்ணா வருவேன், ஸ்கூட்டர்ல" என்றாள் அந்தப் பொண்ணு. "அப்பா ஓட்டுற கார்ல உட்கார்ந்தா எனக்கு வயித்தைப் புரட்டும்."

"லைசென்ஸ் எடுத்து பத்து மாசம் ஆகல, பேச்சைப் பாரு" என்றார் அவர். இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கேரியர் கம்பியில் எடை வரம்பு எழுதிய ஸ்டிக்கர் இருந்தது. ஓரம் கொஞ்சம் பிய்ந்து அசிங்கமாகத் தெரிந்ததால் நகத்தால் உரித்துவிட்டேன். மாட்டிவிட்டு, பிடித்து உலுக்கினேன். கார் சும்மா நின்றது. அவிழ்க்கவில்லை.

"அண்ணா, இது தாங்குமா?"

என் தங்கையும் அப்படித்தான் கூப்பிடுவாள். "தாங்கும்மா" என்றேன். சாவியைக் கொடுத்தேன். அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது மட்டும்தான் நான் செய்தது, யோசித்துப் பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை, மலைப்பாதையில் மூன்றாவது வளைவு. போட்டோக்கள் உங்களிடம் இருக்கின்றன. விபத்து என்று எழுதி நீங்களே மூடியும் விட்டீர்கள். நான் வாயைத் திறக்காமல் இருந்தால் இந்த நாற்காலியில் இப்போது யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

இரண்டு வாரம் கழித்து அவர் கடைக்கு வந்தார். முகம் மழிக்கவில்லை. கையில் அறுந்த பெல்ட். "அன்னிக்குக் காலைல சைக்கிளை ஏத்திக் கட்டுனது நான்தான். நான் ஏதாவது தப்பாக் கட்டிட்டேனா?" என்று கேட்டார். அவர் தோளில் கை வைத்தேன். ஆறரை வருடமாக நாக்கிலேயே வைத்திருந்ததைச் சொன்னேன். "விபத்துன்னா அப்படித்தான் சார். யாரும் வேணும்னு பண்றதில்ல."

அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது என்னைத் தெரிந்துவிடும், இப்போது தெரிந்துவிடும் என்று. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "நீங்க ஒருத்தர்தான் தம்பி எனக்கு இப்படிச் சொன்னீங்க" என்றார். நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

நன்றி, சார். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அதனால்தான் வந்தேன். மனசாட்சி உறுத்தியது என்றெல்லாம் எழுதிவிடாதீர்கள். இந்த வாக்குமூலத்தை அவரிடம் காட்ட வேண்டும். முதல் பக்கத்திலேயே என் தங்கையின் பெயர் பெரிதாக இருக்க வேண்டும். ஓர் உயிரை எடுத்துவிட்டு அதன் பெயரைக்கூடத் தெரிந்துகொள்ளாமல் திரிகிற ஜாதி நான் இல்லை. அவருக்கும் எனக்கும் அதுதான் வித்தியாசம்.

அவர் மகள் பெயரா?

பில்லில் அப்பா பெயர்தான் இருந்தது, சார். அந்தப் பொண்ணு பெயரை நான் கேட்கவில்லை.