பத்தில் ஒரு பங்கு

எனக்குக் காபி வேண்டாம், சார். அல்சர். அவசரமாக எதை உள்ளே தள்ளினாலும் என் வயிறு தாங்காது. பேட்டரியும் அப்படித்தான்.

ரிமோட் விமானம் விடுகிறவர்கள் எல்லோரும் மேலேதான் பார்ப்பார்கள். கையிலிருக்கும் ரிமோட்டை யாரும் நினைப்பதில்லை. அதற்குள் ஒரு பேட்டரி இருக்கிறது. சார்ஜ் போடும்போது மணிக்கு அதன் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு மின்சாரம்தான் கொடுக்க வேண்டும். ராத்திரி முழுக்க மெதுவாக ஏறட்டும். கல்யாணமாகாதவனுக்கு ராத்திரியில் வேறென்ன வேலை? அதனால் உலகநாதன் தன் ரிமோட்டைச் சார்ஜ் போட என்னிடமே கொடுத்துவிடுவார்.

கருங்குழியில் அவருக்கு லாரி ஓடியது. அடுத்த தெருவில் எனக்குப் பென்ஷன் ஓடியது. ஞாயிற்றுக்கிழமைகளில் மகாபலிபுரம் தாண்டி, ரோட்டோரச் சவுக்குத் தோப்பை ஒட்டிய மணல்வெளிக்குப் போவோம். ஒருமுறை விமானம் தற்செயலாக விழுந்து உடைந்தது. ஒட்டிச் சேர்க்க அவர் தினமும் என் வீட்டுக்கு வந்தார். பசை காயும்வரை பேசிக்கொண்டிருந்தார். அந்த மாதம் மாதிரி ஒன்று எனக்கு அமைந்ததே இல்லை.

அதன்பிறகு நான் தற்செயலை நம்பவில்லை.

பெரிய வித்தையில்லை. பத்தில் ஒரு பங்குக்குப் பதில் முழுப் பங்கு. சூடேறிய பின்னும் நிறுத்தக் கூடாது. சில வாரம் அப்படி வறுத்தால் பேட்டரி உள்ளே காய்ந்துவிடும். மீட்டர் முள் மட்டும் நிறைந்ததாகக் காட்டும். என்னைப் பார்த்தாலும் நல்லவனாகத்தானே தெரிகிறது?

விமானம் மறுபடி இரண்டு முறை விழுந்தது. "காத்து பேஜாரு பண்ணுது மச்சான்" என்பார். நான் பஜ்ஜி போடுவேன்.

ஒருநாள் பஜ்ஜியைக் கடித்தபடியே சொன்னார்: "அன்பரசி புனேக்கே வந்துடுன்னுது மச்சான். லாரிய வித்துட்டேன். பொண்ணு வூட்ல போய்க் கெடக்கறேன். இங்க யார் கீறாங்க?"

"நான் இருக்கேனே."

"நீ இன்னா, என் பொண்டாட்டியா?"

சிரித்தார். நானும் சிரித்தேன். நல்ல ஜோக்.

போவதற்கு முன் தன் பெரிய பெட்ரோல் விமானத்தை ஒரு தடவை விட ஆசைப்பட்டார். அது உடைந்தால் ஒட்டுவதற்கு மாதக்கணக்காகும். என் கணக்கு அவ்வளவுதான், சார்.

"சார்ஜ் ஃபுல்லா கீதா?"

முள்ளைக் காட்டினேன்.

உயரத்தில் போனதும் ரிமோட் செத்தது. பழைய செட், சிக்னல் போனாலும் விமானம் கடைசி உத்தரவைப் பிடித்துக்கொண்டு பறந்துகொண்டே இருக்கும். சவுக்கைத் தாண்டி ரோட்டுப் பக்கம் போனது. அவர் மேலே பார்த்தபடியே அதன் பின்னால் ஓடினார். வேன் வருவது எனக்குத் தெரிந்தது. கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் நின்றிருப்பார். நின்றிருந்தால் புனேக்குப் போயிருப்பார்.

உயிர் இருக்கிறது. இடுப்புக்குக் கீழே அசைவில்லை. பேச்சும் இல்லை. தினமும் நான்தான் கஞ்சி ஊட்டுகிறேன். ஸ்பூனை நீட்டினால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறார். கூச்சம். அன்பரசி வந்திருக்கிறாள், அந்தப் பேட்டரியை ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து உங்களிடம் கொடுத்தவளும் அவள்தான். நல்ல பெண். ஆனால் கஞ்சியை அவசரமாக ஊட்டுகிறாள்.

கையெழுத்து எங்கே, சார்? கொஞ்சம் சீக்கிரம் முடித்து அனுப்புங்கள். ஆறு மணிக்கு அவருக்குப் பசிக்கும். நான் போகாவிட்டால் அவருக்கு வேறு யார் இருக்கிறார்கள்?